மாமனார் அனுப்பாத முப்பத்தேழு கடிதங்கள்

"எனக்குத் தெரியாது" என்று சொல்ல வராதவர்கள் சிலர் உலகத்தில் உண்டு. அவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தால் செங்கல்பட்டுக் கிளைக்கு நான்தான் தலைவர். யாராவது வண்டியை நிறுத்தி வழி கேட்டால், அந்த ஊர்ப் பெயரையே அப்போதுதான் முதல்முறை கேட்கிறேன் என்றாலும், நேராகப் போய் இடது பக்கம் திரும்பச் சொல்லிவிடுவேன். அப்படித் திரும்பிய ஒருவர் அரைமணி நேரம் கழித்து என்னைத் தேடிக்கொண்டு வந்ததும் உண்டு (நான் அதற்குள் பஸ் ஏறிவிட்டேன்). இந்தக் குணத்தால் பெரிதாக ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்றுதான் கல்யாணமாகிற வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெண் பார்க்கப் போன அன்று என் சித்தப்பா, "பையன் கம்ப்யூட்டர்ல கீறான்" என்று ஒரு போடு போட்டார். அது பொய் என்று சொல்ல முடியாது. மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையின் வாசலில், கண்ணாடிக் கூண்டுக்குள், கம்ப்யூட்டருக்கு முன்னால்தான் நான் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். லாரி வரும். அதன் நம்பரைத் தட்டுவேன். திரையில் ஒரு பெட்டி முளைக்கும். ஓகே தட்டுவேன். கேட் பாஸ் வெளியே வரும். அந்தப் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று நான்கு வருடத்தில் ஒருநாளும் படித்ததில்லை. படித்துக்கொண்டிருந்தால் லாரி வரிசை ரயில்வே கேட் வரைக்கும் நீண்டுவிடும். ஆனால் பெண் வீட்டில் அன்று எல்லோரும் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். நானும் ஏதோ யோசனையில் இருக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேசரியைச் சாப்பிட்டு முடித்தேன்.

என் மாமனார் ஏகாம்பரம் திருப்போரூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். மாமல்லபுரத்தில் கடற்கரைக்குப் போகிற சந்து ஒன்றில் ஆறு அறை வைத்து லாட்ஜ் கட்டி, அதன் பின்கட்டிலேயே குடியிருந்தார். சுற்று வட்டாரத்தில் அவருடைய பொறுமைக்குப் பெரிய பெயர். அவர் வாய் திறந்து ஒருத்தரைக் குறை சொல்லி யாரும் கேட்டதில்லை. சொந்தத்தில் எங்கே சண்டை வந்தாலும், பஞ்சாயத்துக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஏதாவது விசேஷத்தில் அவரை யாராவது அவமதித்தால்கூட, வீட்டுக்கு வந்து கால் கழுவிக்கொண்டு, தன் பழைய கம்ப்யூட்டர் முன்னால் அரைமணி நேரம் உட்காருவார். எழுந்திருக்கும்போது முகம் மோர் குடித்த மாதிரி குளிர்ந்திருக்கும். "நைனா பழைய கெஸ்ட்டுங்க லெட்டர படிக்கிறாரு, அதான் அவுருக்கு நிம்மதி" என்று என் மனைவி செல்வி சொல்வாள்.

அந்தக் கம்ப்யூட்டருக்கும் இன்டர்நெட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்று ஒன்பது வருடம் ஆகியிருந்தது. ரூம் கேட்பவர்கள் எல்லோரும் போனில் கேட்க ஆரம்பித்ததும் மாமா அதன் லைனைப் பிடுங்கிவிட்டார். ஆனால் அதற்கு முன்னால் எங்கெங்கிருந்தோ வந்து தங்கிப் போனவர்கள் எழுதிய கடிதங்கள் அத்தனையும் அந்தப் பெட்டிக்குள்ளேயே இறங்கி உட்கார்ந்திருந்தன. வேறெங்கும் அவற்றுக்குப் பிரதி கிடையாது. திரை மங்கிக்கொண்டே வந்ததால் புதிதாக ஒரு லேப்டாப் வாங்கினார். அந்தக் கடிதங்களை அதற்கு மாற்ற வேண்டும். வீட்டில் கம்ப்யூட்டரில் இருக்கிற மாப்பிள்ளை இருக்கும்போது வெளியே ஆள் தேடுவார்களா?

எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது ஆறு மாதம். செல்வியின் தங்கை கலைக்குக் கடப்பாக்கத்தில் மாப்பிள்ளை பார்த்து முடித்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். அதற்கு முந்தைய புதன்கிழமை காலை மாமாவும் அத்தையும் வெற்றிலை பாக்குத் தட்டோடு புதுப்பட்டினம் கிளம்பினார்கள். அங்கேதான் அத்தையின் அண்ணன் வேலாயுதம் இருந்தார். அவர் தாய்மாமன். தாய்மாமன் வந்து நிற்காமல் எங்கள் பக்கத்தில் நிச்சயத் தட்டு கை மாறாது.

கிளம்பும்போது மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மாப்ள, அதுல ஆயிரத்து சொச்சம் லெட்டர் கீது. அத்தினியும் புதுசுல வந்துடணும். முடியுங்களா?"

"இதெல்லாம் ஒரு விஷயமா மாமா" என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "அவுட்பாக்ஸ்னு ஒரு டப்பா கீது. அத மட்டும் வுட்டுடுங்க. அது என் சொந்த சமாசாரம்."

மாமாவின் இளமைக்கால லாட்ஜையும், அதில் வந்து தங்கிய வெள்ளைக்காரப் பெண்மணிகளையும் நினைத்து நான் பெரிய மனிதத்தனமாகத் தலையாட்டினேன். அவருடைய ரகசியம் என்னோடு பத்திரம் என்று கண்ணாலேயே தெரிவித்தேன் (என்ன புத்தி பாருங்கள்).

ஒரு பென் டிரைவில் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்து லேப்டாப்பில் கொட்டிவிடலாம் என்பதுதான் என் திட்டம். ஆனால் பென் டிரைவ் உள்ளே போகவில்லை. திருப்பிப் போட்டுப் பார்த்தேன். மறுபடி திருப்பினேன். டார்ச் அடித்துப் பார்த்தால் துளைக்குள் மஞ்சளாக என்னவோ இறுகிக் கிடந்தது.

"சந்தனம்" என்றாள் கலை. "ஆயுத பூஜைக்கு அம்மா வெச்சிது."

ஒரு வருடத்துச் சந்தனம் இல்லை. பத்துப் பதினொரு வருடம், வருடா வருடம், அத்தை அந்தக் கம்ப்யூட்டரில் காலியாகக் கிடந்த ஒவ்வொரு துளையையும் கண்ணாகப் பாவித்து, சந்தனம் தடவி அதன்மேல் குங்குமம் வைத்திருக்கிறார். முன்பக்கம் இரண்டு துளை, பின்பக்கம் நான்கு, சிடி போடுகிற வாய், எல்லாம் சுபமாக அடைபட்டிருந்தன. பல்குத்தும் குச்சியை விட்டு நோண்டினேன். அது உள்ளேயே முறிந்து தங்கியது. செல்வி கோலமாவு சல்லடையைக் கழுவிக்கொண்டே என்னைப் பார்த்தாள். "இன்னாங்க, வருமா வராதா? வரலேன்னா வரலேன்னு சொல்லிடுங்க."

அங்கேதான் நான் "வரல" என்று சொல்லியிருக்க வேண்டும்.

பின்பக்கம் சுவரை ஒட்டி இருந்த ஒரே ஒரு துளை அத்தையின் பக்திக்குத் தப்பியிருந்தது. இன்டர்நெட் ஒயர் மாட்டுகிற துளை. உடனே எனக்கு மூளை வேலை செய்தது. லாட்ஜுக்குப் புதிதாக வைஃபை போட்டிருந்தார்கள். அந்த டப்பாவிலிருந்து ஒரு ஒயரை இழுத்து இதில் சொருகிவிட்டால், எல்லாக் கடிதத்தையும் இங்கிருந்து மாமாவின் புது முகவரிக்கு அனுப்பிவிடலாம். அடுத்த மேசையில் இருக்கிற லேப்டாப்பில் அவை வந்து இறங்கும். ஊர் சுற்றிப் போனாலும் வீடு வந்து சேர்ந்தால் சரி.

ஒயரைச் சொருகினேன். கடிதம் எழுதுகிற அந்தப் பழைய நிரலைத் திறந்தேன். நடுத்திரையில் ஒரு பெட்டி முளைத்தது. அதில் இரண்டு வரி ஆங்கிலம் இருந்தது. கீழே ஓகே இருந்தது.

நான்கு வருட அனுபவம் என் விரலில் இருந்தது. தட்டிவிட்டேன்.

ஒரு நீலக் கோடு இடமிருந்து வலமாக நகர ஆரம்பித்தது. என்ன நகர்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஏதோ நகர்கிறதே என்று பெருமையாக இருந்தது. "போய்கிட்டிருக்கு" என்று உள்ளே பார்த்துச் சத்தமாகச் சொன்னேன். கலை ஒரு தட்டில் மிளகாய் பஜ்ஜி கொண்டுவந்து வைத்தாள். நான் பஜ்ஜியைக் கடித்துக்கொண்டு, கால்மேல் கால் போட்டு, நீலக் கோட்டை மேற்பார்வை பார்த்தேன்.

"மாமா, இதுல இன்னாத்துக்கு புதுப்பட்டினம் மாமா பேரு வருது?" என்று கலை என்னைக் கேட்டுத் திரையில் விரலை வைத்தாள்.

வேலாயுதம் மாமா பெயருக்குக் கீழே பக்கத்து லாட்ஜ் ஆரோக்கியசாமி பெயர் வந்தது. அதற்குக் கீழே திருப்போரூர்ப் பங்காளி ஒருவர் பெயர். பெயர்கள் ஏறிக்கொண்டே போயின. முப்பத்தேழோடு நின்றது. "அனுப்பப்பட்டது" என்று அந்த இயந்திரம் தன் பாஷையில் தெரிவித்து ஓய்ந்தது. அனுப்பியவை என்ற பகுதியைச் செல்வி திறந்து, முதல் கடிதத்தைப் படித்தாள். படித்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

விஷயம் இதுதான். லைனைப் பிடுங்கியபிறகு மாமா ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். யார்மேல் கோபம் வந்தாலும் வாயைத் திறக்காமல் வீட்டுக்கு வந்து, அவருக்கு ஒரு கடிதம் எழுதி, முகவரியும் போட்டு, அனுப்பு என்று தட்டிவிடுவார். லைன் இல்லாததால் கடிதம் அவுட்பாக்ஸில் போய் உட்கார்ந்துகொள்ளும். திட்டிய திருப்தி இவருக்கு. திட்டு வாங்காத நிம்மதி அவர்களுக்கு. ஒன்பது வருடத்துக் கோபம் அந்த டப்பாவுக்குள் சத்தமில்லாமல் சேர்ந்திருந்தது. அதைத்தான் நான் ஒயர் சொருகி, ஓகே தட்டி, உரியவர்களிடம் சேர்த்துவிட்டேன்.

ஆரோக்கியசாமிக்கு எழுதியது: "உங்கள் சேவல் என் லாட்ஜில் தங்குகிறவர்களை விடியற்காலையில் எழுப்பிவிடுகிறது. வயதான சேவல்தானே, சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடும் என்று இரண்டு வருடம் காத்திருந்தேன். அது போனதும் நீங்கள் இளம் சேவலாகப் பார்த்து வாங்கிவிட்டீர்கள்." திருப்போரூர்ப் பங்காளிக்கு எழுதியது: "எல்லா விசேஷத்திலும் முதல் பந்தியில் உட்கார்ந்து கடைசியில் எழுந்திருக்கிறீர்கள். பின்னால் நிற்பவர்களைப் பார்த்து அவசரப்படாதீர்கள் என்று புத்திமதியும் சொல்கிறீர்கள். இலை உங்களுக்கு எழுதி வைத்த சொத்து அல்ல."

வேலாயுதம் மாமாவுக்கு எழுதியது கொஞ்சம் நீளம். "அன்புள்ள மச்சானுக்கு, எங்கள் பன்னிரண்டு படி மூங்கில் ஏணியைப் பொங்கலுக்கு வெள்ளையடிக்க வேண்டுமென்று எடுத்துப் போனீர்கள். அதற்கப்புறம் ஏழு பொங்கல் வந்து போய்விட்டது. நான் வரும்போதெல்லாம் அது உங்கள் தோட்டத்தில் பீர்க்கங்கொடியைச் சுமந்துகொண்டு என்னைப் பார்க்கிறது. எங்கள் வீட்டிலிருந்து உங்கள் வீட்டுக்குப் போனது எதுவும் திரும்பியதில்லை. உங்கள் வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்த ஒரே பொருள் உங்கள் தங்கைதான். அதையும் ஆடிக்கு ஆடி திருப்பி அழைத்துக்கொண்டு போகிறீர்கள்."

செல்வியின் போன் அடித்தது. புதுப்பட்டினத்திலிருந்து அத்தை.

"மாப்ளகிட்ட குடு" என்றார். நான் வாங்கினேன். "இன்னா பண்ணீங்க மாப்ள?"

நடந்ததைப் பிறகு துண்டு துண்டாகத்தான் தெரிந்துகொண்டேன். மாமாவும் அத்தையும் வேலாயுதம் மாமா வீட்டுக் கூடத்தில் பாயில் உட்கார்ந்து, காபி குடித்து முடித்து, தட்டை நீட்டப்போகிற நேரம். அவருடைய மெயில் வருவது மகள் ரேவதியின் போனில்தான்; அதில் டிங் என்று சத்தம். "மாமாகிட்டேர்ந்து மெயில் வந்துகீது" என்று அவள் ஆச்சரியப்பட்டாள். பத்திரிகையைத்தான் அனுப்பியிருக்கிறார் என்று நினைத்து, "படிம்மா, எல்லாரும் கேக்கட்டும்" என்றார் வேலாயுதம் மாமா. அவளும் உரக்கப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். ஏணி வந்த இடத்திலேயே நிறுத்தியிருக்கலாம். தங்கை வரைக்கும் படித்துவிட்டாள். வேலாயுதம் மாமா எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். தட்டு அப்படியே திரும்பி வந்தது.

அவர்கள் ஊர் திரும்புவதற்குள் எல்லாவற்றையும் சரிசெய்துவிட வேண்டும் என்று எனக்குப் பதறியது. முப்பத்தேழு பேருக்கும் சேர்த்து ஒரே கடிதம் எழுதினேன். "முன்பு வந்த கடிதம் தவறுதலாக வந்தது. தயவுசெய்து பொருட்படுத்த வேண்டாம்." முப்பத்தேழு முகவரியையும் வரிசையாக மேலே போட்டு அனுப்பினேன். அதனால் என்ன ஆயிற்று என்றால், தனக்கு மட்டும்தான் திட்டு வந்தது என்று தனியாக வருத்தப்பட்டுக்கொண்டிருந்த ஒவ்வொருவருக்கும் இன்னும் யார் யாருக்கு வந்தது என்ற முழுப் பட்டியலும் கிடைத்தது. அடுத்த ஒருமணி நேரத்தில் சொந்தக்காரர்கள் ஒருவருக்கொருவர் போன் செய்து, "உனுக்கு இன்னா எழுதிகீறாரு?" என்று கேட்டு ஒப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

மதியம் இருவரும் வந்து சேர்ந்தார்கள். அத்தை நேராகச் சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களிடம் பேசினார். "நானு பொருளாம். முப்பது வருசமா பொங்கிப் போட்ட பொருளு." கலை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். என் ஜம்பத்துக்கு அந்தப் பெண்ணின் நிச்சயதார்த்தமா கிடைத்தது என்று இருந்தது.

மாமா என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"பொட்டி வந்திச்சா?"

"வந்துது மாமா."

"படிச்சீங்களா?"

"இல்ல மாமா. ஓகே தட்டிட்டேன்."

அவர் கையை நீட்டித் திரையை அணைத்தார். "நீங்க நெசமா இன்னா வேலைல கீறீங்க மாப்ள?"

சொன்னேன். கண்ணாடிக் கூண்டு, லாரி நம்பர், கேட் பாஸ், எல்லாம். வாழ்க்கையில் முதல்முறையாக, "எனக்கு கம்ப்யூட்டர் தெரியாது மாமா" என்ற வாக்கியமும் என் வாயிலிருந்து வந்தது. அவர் பஜ்ஜித் தட்டை இழுத்து மிச்சமிருந்த ஒன்றை எடுத்துக்கொண்டார்.

"வுடுங்க. நானும் இத்தினி நாளு பொறுமசாலின்னு ஊரை ஏமாத்திகினுதான் இருந்தேன்" என்றார். எனக்கு அவர் திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் வேலாயுதம் மாமா போனை எடுக்கவில்லை. மாமா இரண்டு தடவை நேரில் போனார். இரண்டு தடவையும் அவர் வெளியே போயிருப்பதாக ரேவதி சொன்னாள். ஞாயிறு காலை திருப்போரூரில் சின்ன மண்டபம் ஒன்றில் எல்லோரும் கூடினோம். கடப்பாக்கத்துக்காரர்கள் இரண்டு வேனில் வந்து இறங்கினார்கள். ஆச்சரியம் என்னவென்றால், முப்பத்தேழு பேரில் முக்கால்வாசிப் பேர் அவர்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஆரோக்கியசாமி மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "சேவல் மேட்டர் முடிஞ்சிது அண்ணாத்த. நேத்து கொழம்பு வெச்சிட்டோம். முன்னாடியே சொல்லியிருந்தா அது இம்மாம் முத்திருக்காது" என்று வருத்தப்பட்டார். திருப்போரூர்ப் பங்காளி மூன்றாம் பந்திக்குத்தான் உட்காருவேன் என்று எல்லோரிடமும் அறிவித்துக்கொண்டிருந்தார்.

தாய்மாமனைத்தான் காணோம். "நேரம் ஆவுதே, தாய்மாமன் எங்க?" என்று மாப்பிள்ளையின் அப்பா இரண்டாம் முறை கேட்டார். அத்தை வாசலைப் பார்த்தபடியே நின்றார். மாமாவின் சட்டை முதுகில் நனைந்து ஒட்டியிருந்தது. கலை தலையைத் தூக்கவில்லை. நான் ஒரு தூணுக்குப் பின்னால் இருந்தேன்.

அப்போது ஒரு குட்டியானை வண்டி மண்டப வாசலில் வந்து நின்றது. பின்பக்கம் வேலாயுதம் மாமா நின்றுகொண்டிருந்தார். பட்டு வேட்டி, தோளில் துண்டு, கையில் சீர்த்தட்டு. அவருக்குப் பக்கத்தில், வண்டிக்கு வெளியே பாதி நீட்டிக்கொண்டு, கழுவித் துடைத்த மூங்கில் ஏணி. அதன் முனையில் சிவப்புத் துணிக்குப் பதிலாக ஒரு முழம் கதம்பம் கட்டியிருந்தது.

இரண்டு பேர் ஏணியைத் தூக்கி வந்து மாமாவின் முன்னால் சுவரில் சாய்த்தார்கள்.

"எண்ணிக்கோ மச்சான்" என்றார் வேலாயுதம் மாமா. "பன்னெண்டு படி. ரெண்டு ஒடஞ்சி கெடந்திச்சி. ஆளு வெச்சி புதுசு போட்டேன். அதான் மூணு நாளு ஆயிடிச்சி."

மாமா உட்கார்ந்தபடியே விரல் நீட்டிப் படிகளை எண்ணினார்.

"ஒரு வார்த்த கேட்டா குடுத்திருக்க மாட்டனா? ஏழு வருசமா மனசுல இத வெச்சிகினு எங்க வூட்ல வந்து சோறு துன்னியே, உனுக்கு எப்டி எறங்கிச்சி?" அவர் குரல் உடைந்துவிட்டது. மாமா எழுந்து போய் அவரைக் கட்டிக்கொண்டார். இரண்டு பெரிய மனிதர்கள் ஏணிக்கு முன்னால் நின்று மூக்கை உறிஞ்சுவதைப் பார்த்து, விவரம் தெரியாத கடப்பாக்கத்துக்காரர்கள் இது இந்தப் பக்கத்துச் சடங்கு போலிருக்கிறது என்று மரியாதையாக எழுந்து நின்றார்கள். தட்டு மாறியது. கலை சிரித்தாள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

ஆனால் அன்று சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு சண்டை வந்தது. மாமாவின் அக்கா பட்டம்மாள் இலையில் உட்கார மாட்டேன் என்றார். "ஊருக்கெல்லாம் லெட்டர் போட்டிருக்கான். எனுக்கு மட்டும் ஒண்ணு வரல. நானு இன்னா அவனுக்கு வேண்டாதவளா?" அவரிடம் குறையே இல்லை என்று மாமா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. கடைசியில் ஒரு பத்திரிகையின் பின்பக்கத்தில், அக்கா எதற்கெடுத்தாலும் கோபித்துக்கொள்கிறார் என்று நாலு வரி எழுதிக் கையில் கொடுத்தபிறகுதான் சாப்பிட உட்கார்ந்தார். அதை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறார்.

அந்த ஆயிரத்துச் சொச்சம் கடிதங்களைக் கலையின் மாப்பிள்ளை ஒருநாள் வந்து, பெட்டியைக் கழற்றி, உள்ளேயிருந்த ஹார்ட் டிஸ்க்கை லேப்டாப்போடு இணைத்து, ஒரு டீ ஆறுவதற்குள் மாற்றிவிட்டார். அவருக்கு நிஜமாகவே தெரிந்திருந்தது. அன்றிலிருந்து அந்த வீட்டில் அவர் கம்ப்யூட்டர் மாப்பிள்ளை, நான் ஓகே மாப்பிள்ளை. யாருக்காவது யார் மேலாவது மனத்தாங்கல் இருந்து, நேரில் சொல்லக் கூச்சமாக இருந்தால், "மாப்ள வராரு, எழுதி வை, ஓகே தட்டிடுவாரு" என்பது குடும்பத்துக்கே வழக்கமாகிவிட்டது.

மாமா இப்போதும் எழுதுகிறார். ஆனால் லைன் போட்டு எழுதுகிறார். வருடத்துக்கு ஒன்றாவது எல்லோருக்கும் வந்துவிடும். கடிதம் வந்தவர்கள் ஒருநாள் முறைத்துக்கொண்டு, மறுநாள் போன் செய்துவிடுகிறார்கள். எனக்கு மட்டும் பத்து வருடமாக எதுவும் வரவில்லை. மாப்பிள்ளை என்ற மரியாதை. பட்டம்மாள் அத்தையின் வருத்தம் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிய ஆரம்பித்திருந்தது.

போன தையில் வந்தது. "அன்புள்ள மாப்பிள்ளைக்கு, நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒருமுறைகூடக் குளியலறை விளக்கை அணைத்துவிட்டு வந்ததில்லை. பத்து வருடமாக உங்கள் பின்னால் போய் நான்தான் அணைக்கிறேன். இப்போது முழங்கால் வலிக்கிறது. இப்படிக்கு, மாமா." இரண்டு தடவை படித்தேன். கண் கலங்கிவிட்டது. செல்வியிடம் காட்டினேன். "இத நானே எழுதலாம்னு இருந்தேன்" என்றாள்.

அதற்கப்புறம் அணைத்துவிடுகிறேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் மாமல்லபுரம் வீட்டில் பட்டப்பகலில் குளியலறை விளக்கு எரிந்தால், உள்ளே போய் யார் என்று பார்ப்பதற்கு முன்னாலேயே அத்தை உலையில் இன்னும் ஒரு ஆழாக்கு அரிசி போட்டுவிட்டு, தோட்டத்தில் இருக்கிற மாமாவுக்குக் குரல் கொடுக்கிறார்: "மாப்ள வந்துகீறாரு."